மங்கரை தந்த மனிதர்

கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கே செல்லும் இரயில், மங்கரை என்னும் சிற்றூரைக் கடக்கிறது. 1857ஆம் ஆண்டில் அங்கே பிறந்தவர் சேட்டூர் சங்கரன் நாயர்.

சென்னையில் வழக்கறிஞராய் உயர்ந்து, 1897இல் அமராவதிக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். பின் உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1915இல் வைசிராயின் நிர்வாக சபை உறுப்பினரானார். பஞ்சாபின் இராணுவச் சட்டக் கொடுமைகளைக் கண்டித்து, 1919இல் அப்பெரும் பதவியைத் துறந்தார். பின்னர் இலண்டனில் இந்தியா மந்திரியின் ஆலோசனைச் சபையிலும் அமர்ந்தார்.

அக்கொடுமைகளுக்குப் பொறுப்பாளி என்று தம் நூலில் குற்றம் சாட்டியதற்காக, பஞ்சாபின் முன்னாள் லெப்டினன்ட் கவர்னர் ஓட்வயர் இலண்டனில் தொடுத்த மானநஷ்ட வழக்கில் 1924இல் தோற்றார். ஆயினும் மன்னிப்புக் கேட்க மறுத்து, 500 பவுண்டு நஷ்டஈடும் வழக்குச் செலவும் செலுத்தினார்.

அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்க்கும் நாம், 'இராஜினாமா' என்னும் சொல்லை எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம்; அதன் விலையை இவர் வாழ்விலேதான் அறிந்தோம்.