பொறுப்புள்ள வங்கியும் வெட்டி வேலையும்

(மதுரையில் கல்லூரி மாணவர்கள் கூட்டிய கூட்டமொன்றில் பேசியது. பேச்சு நடையைப் பெரிதும் மாற்றாமல் எழுதித் தரப்படுகிறது.)



என்னைக் கவிஞர்னு சொல்லி அறிமுகப்படுத்தினாங்க. கவிதை எழுதுறது ராத்திரியில. பகல்ல நான் ஒரு வங்கிக் கிளார்க். பணம் வாங்குறேன், பணம் குடுக்கறேன், பாஸ்புக் அச்சடிக்கிறேன். இன்றைக்கு அந்தக் கிளார்க்காகத்தான் பேசப்போகிறேன்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு தங்கச்சி கவுண்டருக்கு வந்துச்சு. பேரையூர்ப் பக்கம். எம்.காம். கடைசி வருஷம். கையிலிருந்த போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டிச்சு. நீடித்த, பொறுப்புள்ள வங்கித்துறையை வளர்க்கும் பணிக்குப் பயிற்சியாளர்கள் தேவை. சென்னையில் மூன்று மாதம். வங்கிகளின் அறிக்கைகளைப் படிக்க வேண்டும், அட்டவணை போட வேண்டும், கூட்டங்களுக்குக் குறிப்பெடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கீழே, சின்ன எழுத்தில்: ஊதியம் இல்லை, சான்றிதழ் உண்டு.

"அண்ணே, போகலாமா?" என்று கேட்டுச்சு.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. காரணம், நானும் அப்படிப் போனவன்தான். வங்கித் தேர்வு எழுதுவதற்கு முன் எட்டு மாதம் ஒரு தொண்டு நிறுவனத்தில் சம்பளமில்லாமல் மகளிர் குழுக்களின் கணக்கு எழுதினேன். அங்கே கற்றுக்கொண்டது பிறகு உதவியது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த எட்டு மாதமும் எனக்குச் சோறு போட்டது யார்? நாற்று நடவுக்கும் களையெடுப்புக்கும் போன என் அம்மா. என் பயிற்சிக்குக் கூலி கொடுத்தது அந்த நிறுவனம் அல்ல, அம்மா. இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

இந்தப் 'பொறுப்புள்ள வங்கி' என்ற சொல் எங்கிருந்து வருகிறது? 2019 செப்டம்பர் 22 அன்று நியூயார்க்கில், ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் நிதிப் பிரிவு முன்னின்று, 130 வங்கிகள் 'பொறுப்புள்ள வங்கித்துறைக்கான கோட்பாடுகள்' என்ற ஆவணத்தை ஏற்றுக்கொண்டன. மொத்தம் ஆறு கோட்பாடுகள். வங்கி தரும் கடன் பூமியையும் மனிதரையும் என்ன செய்கிறது என்று வங்கியே கணக்குப் பார்க்க வேண்டும், குறிக்கோள் வைக்க வேண்டும், வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். நல்ல காரியம். காட்டை அழிக்கிறவனுக்கும் ஆற்றைக் கெடுக்கிறவனுக்கும் கடன் கொடுத்துவிட்டு, 'எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று வங்கி சொல்ல முடியாது என்றால் நாம் வரவேற்க வேண்டியதுதான்.

ஆனால் அதே ஐ.நா. தலைமைச் செயலகத்தின் பயிற்சி விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். ஊதியம் கிடையாது. பயணம், விசா, தங்குமிடம், காப்பீடு எல்லாம் பயிற்சியாளர் செலவு. 2015-இல் ஜெனீவாவில் ஐ.நா.வில் சம்பளமில்லாப் பயிற்சியிலிருந்த நியூசிலாந்து இளைஞர் ஒருவர், வாடகை கொடுக்க வழியில்லாமல் கூடாரத்தில் தங்கியிருந்த செய்தி உலகமெங்கும் வந்தது. இந்த அநியாயத்தை வெளியில் தெரிவிக்கவும்தான் அப்படிச் செய்ததாக அவரே பிறகு சொன்னார். கண்ணியமான வேலை என்பதை 2015-இல் தன் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் எட்டாவதாக எழுதி வைத்ததும் இதே ஐ.நா.தான்.

சரி, பேரையூருக்கு வருவோம். நானும் அந்தப் பொண்ணும் ஒரு பணம் போடும் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். சென்னையில் பகிர்ந்துகொள்ளும் அறைக்கு மாதம் 6,000. சாப்பாடு 4,500. பஸ், ரயில், போன் 1,500. மாதம் 12,000, மூன்று மாதத்துக்கு 36,000 ரூபாய். அதுக்கு மேலே கல்விக்கடன் நாலு லட்சம் இருக்கு. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி நிற்காது. பத்து சதவீதம் என்று வைத்தாலும் மூன்று மாதத்துக்குப் பத்தாயிரம்.

தோழர்களே, நான் தினமும் பார்க்கிற விஷயம் இது. வங்கி தன் பணத்தை ஒரு நாள்கூடச் சும்மா விட்டுவைக்காது. நாள் கணக்கில் வட்டி போடும். பணத்துக்கு ஓய்வு நாள் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அப்படிப்பட்ட துறைக்கு, படித்த ஒரு பெண்ணின் தொண்ணூறு நாள் உழைப்பு மட்டும் எப்படி இலவசமாகிறது?

அந்தப் பொண்ணோட அம்மா போனில் சொன்னது இன்னும் என் காதில் இருக்கு. "சம்பளம் இல்லாத வேலைக்கு நாமதான் காசு குடுக்கணுமா தம்பி? எங்க அப்பாரு காலத்தோட அதெல்லாம் ஒழிஞ்சுபோச்சுன்னுல்ல நெனச்சேன்."

அந்த அம்மா சொன்னது எதை என்று இங்கே இருக்கிற பாதிப்பேருக்குத் தெரியும். என் தாத்தாவும் ஊருக்குச் சாவுச்சேதி சொல்லிப் போனவர். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். பத்து மைல், பதினைந்து மைல் நடப்பார். கூலி என்று எதுவும் கிடையாது. அறுவடைக்களத்தில் கடைசியாக நிற்கலாம், அவர்கள் தூற்றியது போக மிஞ்சியதை அள்ளலாம். அதற்குப் பெயர் உரிமையாம், பாத்தியதையாம். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்ற சொல் கூலியில்லாத கட்டாய உழைப்பைக் குறித்தது. இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் ஆகிவிட்டது பாருங்கள். வேலை செய்யாமல் திரிகிறவனைத்தான் 'வெட்டியாத் திரியிறான்' என்கிறோம். கூலியில்லாமல் மாடாய் உழைத்தவனின் சொல், சோம்பேறியின் சொல்லாக மாறிப்போனது. இந்த மொழியில் அகராதியைக் கையில் வைத்திருந்தவன் யார் என்று யோசியுங்கள்.

மராட்டியத்தில் இதற்கு மகர் வதன் என்று பெயர். துண்டு நிலத்தைக் காட்டி, அரசாங்கத்துக்கும் ஊருக்கும் இரவு பகல் பாராமல் பரம்பரை வேலை. அதை மாற்றுவதற்கான மசோதாவை பாபாசாகேப் அம்பேத்கர் பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1928-இல் கொண்டுவந்தார். அந்த முறையைச் சட்டம் போட்டு ஒழித்தது 1958-இல். முப்பது வருஷம். கூலிக்குப் பதிலாகக் கௌரவத்தைக் கொடுக்கும் ஏற்பாடு அவ்வளவு லேசில் சாவதில்லை.

அடுத்தது என் அம்மா. 1992-இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வைத்து, சுய உதவிக்குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. நம் மாநிலத்தில் மகளிர் திட்டம் வந்தது. அம்மா எங்கள் தெருக் குழுவுக்கு ஊக்குநர். வாராவாரம் சந்தா வசூல், தீர்மான நோட்டு, கடன் பேரேடு, யார் கட்டவில்லையோ அவர் வீட்டு வாசலில் போய் நிற்பது, கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வங்கிக்குப் போவது. சின்னச் சின்னக் கடனை விசாரித்துக் கொடுப்பதும் திருப்பி வசூலிப்பதும் வங்கிக்குக் கட்டுப்படியாகாத செலவு. அந்தச் செலவைத்தான் எங்கள் அம்மாக்கள் தங்கள் கால்களால் ஈடுகட்டினார்கள். குழுவால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கந்துவட்டிக்காரன் வாசலுக்குப் போகாமல் என் பள்ளிக்கூடப் பணம் வந்தது அந்தக் குழுவிலிருந்துதான். ஆனால் வங்கிக்கு மிச்சமான செலவில் அம்மாவுக்குப் பங்கு இல்லை. 1943-இல் தொடங்கப்பட்ட நம்ம ஊர் பாங்க் ஆப் மதுரா 2001-இல் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தபோது, அது வளர்த்த மகளிர் குழுக்களும் கணக்கோடு கணக்காகக் கைமாறின. அந்தப் பெண்களின் நடையை எந்தப் பேரேட்டில் எழுதினார்கள்?

தாத்தா காலத்தில் ஊர்க் கட்டுப்பாடு. அம்மா காலத்தில் முன்னேற்றம். இப்போது பேரையூர்த் தங்கச்சிக்கு அனுபவம். பெயர்தான் மாறிக்கொண்டு வருகிறது.

நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். இடஒதுக்கீடு எதற்கு? பதவிக்கு. பதவி என்றால் அதற்குச் சம்பளம் இருக்கும், எண்ணிக்கை இருக்கும், ரோஸ்டர் இருக்கும். யாருக்குப் போனது என்று கேட்கலாம், வழக்குப் போடலாம். சம்பளமில்லாப் பயிற்சி பதவி அல்ல. அதற்கு ரோஸ்டர் இல்லை. யாரை எடுத்தாய் என்று கேட்க முடியாது. ஆனால் நாளைக்கு நேர்முகத் தேர்வில் உட்காருகிறவன் முதலில் கேட்பது, 'இந்தத் துறையில் முன் அனுபவம் உண்டா?' அனுபவம் யாருக்கு இருக்கும்? சென்னையில் சொந்த வீடு இருக்கிறவனுக்கு, மூன்று மாதம் அப்பா சம்பளத்தில் சாப்பிட முடிகிறவனுக்கு. முன்வாசலில் நாம் போராடி வாங்கிய இடஒதுக்கீடு. பக்கத்திலேயே புதிதாக ஒரு வாசல். அதில் காவல்காரன் இல்லை, ஆனால் நுழைவுக் கட்டணம் 36,000 ரூபாய்.

பயிற்சி என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று சொல்கிறவர்களுக்குப் பதில் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டீஸ் சட்டத்தில் உதவித்தொகை கட்டாயம். 1973-இல் அதைத் திருத்தி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களில் ஒதுக்கீடு சேர்த்தார்கள். பாரத ஸ்டேட் வங்கி 2023-இல் 6,160 அப்ரண்டீஸ்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. ஒரு வருஷம், மாதம் 15,000 ரூபாய், இடஒதுக்கீட்டோடு. முடிந்ததும் வேலை தருவதாக உறுதி கிடையாது, அது தனிச் சண்டை. ஆனால் பயிற்சிக்குப் பணமும் கொடுக்கலாம், ரோஸ்டரும் வைக்கலாம் என்பது இதிலேயே தெரிகிறது. 2024-இல் ஒன்றிய அரசு அறிவித்த பிரதமர் பயிற்சித் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய். மாதம் 26 நாள் என்று வைத்தால் நாளைக்கு 192 ரூபாய். அதே 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு அறிவித்த நாள்கூலி 319. பட்டப்படிப்புக்கு மரியாதை இவ்வளவுதான். ஆனாலும் சுழியத்தைவிட 5,000 மேல், சுழியத்தை எதிர்த்துப் பேசும்போது இதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

'யாரும் கட்டாயப்படுத்தலையே, நீயாத்தானே வந்தே' என்பார்கள். அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு பேகார் என்னும் கூலியில்லாக் கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-இல் உச்சநீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: வறுமையால் வேறு வழியில்லாமல் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்தால், அதுவும் கட்டாய உழைப்புதான். கம்பெடுத்து அடித்தால்தான் கட்டாயம் என்பதில்லை. பயிற்சி என்று பெயர் வைத்துவிட்டால் கூலிச் சட்டம் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. அந்தப் பெயரைத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும்.

இன்னொன்று. நம்மில் பணத்தைப் பற்றி ஆழமாகப் படித்த முதல் ஆள் அண்ணல் அம்பேத்கர். 1913-இல் அவர் கொலம்பியாவுக்குப் போனது பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருஷம். லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது அந்த உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். அந்த வருஷம்தான் பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல், பார்சி விடுதியிலிருந்து சாதியைச் சொல்லித் துரத்தப்பட்டார். பம்பாயில் பேராசிரியர் வேலை பார்த்து, பணம் சேர்த்து, உதவி பெற்று 1920-இல் திரும்பப் போனார். ரூபாயின் பிரச்சினை பற்றிய அவருடைய நூல் 1923-இல் வந்தது. உதவித்தொகை நின்றபோது அம்பேத்கரின் படிப்பே நின்றது. நம் பிள்ளைகளிடம் 'ஆர்வம் இருந்தால் பணம் ஒரு பொருட்டல்ல' என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வருகிறது?

அப்படியென்றால் பொறுப்புள்ள வங்கித்துறையைப் படிக்க வேண்டாமா? கட்டாயம் படிக்க வேண்டும். நமக்கு அந்த அளவுகோல் புதிதல்ல. 1969-இல் 14 வங்கிகளை அரசுடைமையாக்கிய பிறகு வந்ததுதான் முன்னுரிமைக் கடன். இன்று பெரிய வங்கிகள் 40 சதவீதக் கடனை முன்னுரிமைத் துறைகளுக்குத் தர வேண்டும். அதற்குள் 12 சதவீதம் நலிந்த பிரிவினருக்கு. அந்த நலிந்த பிரிவு என்ற பட்டியலில் சிறு, குறு விவசாயிகளோடும் மகளிர் குழுக்களோடும் சேர்த்து நம்மையும் வைத்திருக்கிறார்கள், நமக்கென்று தனிப் பங்கு இல்லை. அந்த 12-இல் சேரிக்கு வந்தது எவ்வளவு? பொதுத்துறை வங்கியிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இதைச் செய்ய எந்த நிறுவனத்தின் அடையாள அட்டையும் வேண்டாம். உங்கள் ஊரிலேயே, அம்மா கைச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே செய்யலாம். இதுவும் ஆய்வுதான்.

அந்தத் தங்கச்சிக்கு நான் 'போகாதே' என்று சொல்லவில்லை. எட்டு மாதம் போய்ப் பயன் அடைந்தவன் அதைச் சொல்ல எனக்கு வாயில்லை. ஒரு கடிதம் எழுதுவோம் என்றேன். கவுண்டர் மூடின பிறகு உட்கார்ந்து எழுதினோம். மூன்றே கேள்வி. உதவித்தொகை ஏன் இல்லை? இதுவரை எடுத்தவர்களில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எத்தனை பேர்? வெளியூர் மாணவிக்குத் தங்குமிடம் யார் பொறுப்பு? கடைசியில் அந்தப் பொண்ணே ஒரு வரி சேர்த்துச்சு: 'நான் வரத் தயார், சும்மா வரத் தயாரில்லை.'

பதில் வரவில்லை. விண்ணப்பத் தேதி முடிந்துவிட்டது. இப்போது அந்தப் பொண்ணு மதுரையில் வங்கித் தேர்வுக்குப் படிக்குது. இங்கே முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கு.

ஒரு கடிதத்தை ஓரமாகப் போட்டுவிடலாம். இந்த அரங்கில் நூறு பேர் இருக்கிறீர்கள். அடுத்த வருஷமும் அந்த விளம்பரம் வரும். கடிதத்தின் நகல் என் பையில் இருக்கிறது, கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். தபால் செலவை நாமே பார்த்துக்கொள்ளலாம்.

ஜெய்பீம்.