மேடை ஒன்று, மேளம் இரண்டு

 

'ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்' என்று ஒரு பழமொழி உண்டு. ஊரார் இரு பிரிவாக நின்றால் இரு பிரிவினரும் போட்டி போட்டுக்கொண்டு கூத்து வைப்பார்கள். கூத்தாடிக்கு இரட்டை வரும்படி கிடைக்கும். ஆனால் கூத்தாடிகளே இரண்டுபட்டு நின்றால் என்ன ஆகும்? ஊருக்கும் கொண்டாட்டம் இல்லை, கூத்தாடிக்கும் கொண்டாட்டம் இல்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். ஒரே இரவில் ஒரே மேடையில் இரண்டு இசைக்குழுக்கள் வாசிக்க நேரும்போது, அவை ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்ள வேண்டும், எப்படி நடந்துகொள்ளக் கூடாது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

'இது என்ன பெரிய விஷயம்? பாட்டுக்காரர்கள் பாடு பாட்டுக்காரர்களுக்கு' என்று சிலர் எண்ணலாம். அப்படித் தள்ளிவிட முடியாது. நம் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்தில் பிறந்த பிள்ளைகள் சிரம்பானுக்கும், போர்ட்டிக்சனுக்கும், கோலாலம்பூருக்கும் வேலை தேடிப் போய்விட்டார்கள். அவர்கள் எல்லாரும் ஒன்றுகூடித் திரும்பி வருவது எப்போது? மாரியம்மன் திருவிழாவின்போதுதான். அந்த ஓரிரவுக்காக ஒவ்வொரு குடும்பமும் தன் சம்பளத்திலிருந்து வரி கொடுக்கிறது. அந்த இரவு சண்டையில் முடிந்தால், நட்டம் இரண்டு குழுக்களுக்கு மட்டுமல்ல. வரி கொடுத்த அத்தனை வீட்டுக்கும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் வட்டாரத் தோட்டம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயரும் குழுக்களின் பெயரும் நமக்கு வேண்டாம். முதல் குழுவுக்கு இரவு 8 மணி முதல் 9.30 வரை. பிறகு அரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளின் கோலாட்டம். 10 மணிக்கு இரண்டாவது குழு. 12 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்திவிட வேண்டும் என்பது அனுமதிக் கடிதத்தில் இருந்த நிபந்தனை.

முதல் குழு 9.30 மணிக்கு இறங்கவில்லை. 'இன்னும் ஒரு பாட்டு, இன்னும் ஒரு பாட்டு' என்று 10.45 வரை நீட்டிவிட்டது. கோலாட்டத்துக்குப் பட்டுப்பாவாடை கட்டி, பூ வைத்துக் காத்திருந்த சிறுமிகளில் பாதிப் பேர் தாயின் மடியிலேயே தூங்கிப் போனார்கள். அவர்கள் ஆட்டம் நடக்கவே இல்லை. இரண்டாவது குழு சாமான்களை ஏற்றி, கம்பிகளை இணைத்து, பாடத் தொடங்கியபோது மணி 11.15. மூன்றாவது பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது, முதல் குழுவைச் சேர்ந்த ஒருவர் வந்து, 'இது எங்கள் வயர்' என்று பிடுங்கிக்கொண்டு போனார். பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. கையில் கிடைத்தது நாற்காலி.

அதன் விளைவு என்ன தெரியுமா? அடுத்த ஆண்டு திருவிழாவில் ஆலய நிர்வாகத்தினர், 'குழுவே வேண்டாம், பதிவு செய்த பாட்டைப் போட்டுக்கொள்ளலாம்' என்று முடிவு செய்தார்கள். அந்தத் தோட்டத்து இளைஞர்கள் ஏழெட்டுப் பேர், வேலை முடிந்து வந்து இரவில் உறுமி பழகிக்கொண்டிருந்தவர்கள், சண்டையில் யாதொரு பங்கும் இல்லாதவர்கள், அவர்களுக்கும் மேடை இல்லாமல் போயிற்று. பிழை செய்தவர் ஒருவர், தண்டனை பெற்றவர் வேறொருவர்.

நேயர்களே, இது ஒரு தோட்டத்தோடு நின்றுவிடும் சங்கதி அல்ல. நம் அண்டை நாடான சிங்கப்பூரைப் பாருங்கள். 1964-ஆம் ஆண்டு அங்கே நடந்த இனக் கலவரங்களுக்குப் பின்னர், வீதியில் சமய ஊர்வலம் நடத்துவதற்கே கட்டுப்பாடு வந்தது. அதற்கு விலக்காக இந்துக்களுக்குத் தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி ஆகிய மூன்று விழாக்களுக்கு மட்டும் இடம் கொடுக்கப்பட்டது. ஆனால் 1973-ஆம் ஆண்டு, தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகள் வாசிப்பதற்குத் தடை விதிக்கப்பட்டது. காரணம் என்ன? ஒன்றோடொன்று போட்டியிட்ட குழுக்களுக்கிடையே சண்டைகள் மூண்டு ஊர்வலத்தையே குலைத்தன என்று அந்நாட்டு அதிகாரிகள் பின்னாளில் விளக்கம் தந்தார்கள்.

அந்தத் தடை எத்தனை காலம் நீடித்தது? 2016-ஆம் ஆண்டில்தான், ஊர்வலப் பாதையில் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. பின்னர்ப் படிப்படியாகத் தளர்வுகள் வந்தன. 1973-க்கும் 2016-க்கும் இடையே 43 ஆண்டுகள்! அன்று சண்டையிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வளர்ந்து காவடி தூக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் நடந்துபோன வீதியில் உறுமி ஒலிக்கவில்லை. நம் நாட்டில் பத்துமலையில் இன்றும் உறுமி மேளத்தோடு காவடி போகிறது. கிடைத்திருக்கும் உரிமையின் அருமையை, இழந்தவரைப் பார்த்தாவது நாம் அறிந்துகொள்ள வேண்டாமா?

'படிக்காதவர்கள்தாம் இப்படிச் சண்டை போடுவார்கள்' என்று யாரும் நினைக்க வேண்டாம். சங்கீத மேதைகளே போட்ட சண்டை ஒன்று உண்டு. தஞ்சை மாவட்டம் திருவையாற்றில், காவிரிக் கரையில், 1847-ஆம் ஆண்டு மறைந்த தியாகராச சுவாமிகளின் சமாதி இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருக்கு ஆண்டுதோறும் ஆராதனை நடத்தத் தொடங்கிய வித்துவான்களுக்குள் பிளவு ஏற்பட்டது. பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டு கட்சிகள்! ஒரே மகானுக்கு இரண்டு தனித்தனி விழாக்கள். இரண்டு கட்சிகளும் ஒத்துப்போன விஷயம் ஒன்று உண்டு: பெண்கள் அங்கே பாடக் கூடாது என்பதுதான் அது.

அப்போது பெங்களூர் நாகரத்தினம்மாள் என்ற இசைக் கலைஞர், 1920களில் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அந்தச் சமாதியில் திருப்பணி செய்தார். அப்படிச் செய்தவருக்கே பாட இடமில்லை என்றார்கள். அவர் நாற்காலியைத் தூக்கவில்லை. பெண் கலைஞர்களைத் திரட்டித் தனியாக ஒரு கட்சியாக நின்று பாடினார். ஆக, கட்சி மூன்றாயிற்று. 1940களின் தொடக்கத்தில், பெரியவர்கள் சிலர் முயன்று பேசி, எல்லாக் கட்சிகளும் ஒன்றாக இணைந்தன. ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து உட்கார்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை ஒரே குரலாகப் பாடும் வழக்கம் நிலைபெற்றது. இன்று உலகெங்கும் தமிழர்கள் பார்த்து மகிழும் காட்சி அது. நாகரத்தினம்மாள் 1952-இல் மறைந்தார். அவருடைய சிலை அந்தச் சமாதியை நோக்கியபடி இன்றும் இருக்கிறது. பிரிந்து நின்று பாடியதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? சேர்ந்து பாடுவதுதான் நிலைத்து நிற்கிறது.

சரி, நம் தோட்டத்து மேடைக்கு வருவோம். இரண்டு குழுக்கள் இணக்கமாக இருக்க என்ன செய்யலாம்?

முதலாவது, நேரம். உங்களுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் அது ஒன்றரை மணி நேரமே. தாமதமாகத் தொடங்கினாலும் இறங்கும் நேரம் மாறக் கூடாது. கூட்டத்தில் நாலு பேர் 'இன்னொன்று' என்று கத்துவார்கள். அந்த நாலு பேர் உங்கள் மாமன் மச்சான்களாகவும் இருக்கலாம்! அடுத்த குழுவின் நேரத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் தானம் உங்கள் தானம் ஆகாது.

இரண்டாவது, சாமான். டிரம், கீபோர்டு, அம்ப்ளிபயர், மைக் ஆகியவற்றில் எது யாருடையது, எதைப் பொதுவாகப் பயன்படுத்தலாம் என்பதைத் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஒரே டிரம்மை இரு குழுவும் வாசித்தால் மேடை மாற்றும் வேலை பாதியாகக் குறையும். ஆனால் கேட்காமல் தொடக் கூடாது. இரவல் வாங்கிய கருவி பழுதானால் செலவை ஏற்றுக்கொள்ள வேண்டும். உங்கள் முறை முடிந்ததும் முதலில் சாமான்களை மேடையிலிருந்து அகற்றுங்கள். கைகுலுக்கலும் படம் பிடித்தலும் பிறகு ஆகட்டும்.

மூன்றாவது, பாட்டுப் பட்டியல். இரு குழுவும் ஒரே படப்பாட்டைப் பயிற்சி செய்துகொண்டு வந்தால் இரண்டாவதாகப் பாடுபவருக்கு மனம் சோர்ந்துபோகும். பட்டியலை முன்கூட்டியே மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

நான்காவது, ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் அடங்கியிருத்தல். அங்கே பெண்ணொருத்தி மெல்லிசை பாடிக்கொண்டிருக்கும்போது, மேடைக்குப் பின்னால் தப்பைத் தீயில் காய்ச்சித் தட்டிப் பார்ப்பது அழகல்ல. தப்பைக் காய்ச்சத்தான் வேண்டும். அதைக் காது எட்டாத தூரத்தில் செய்யலாம். நாதஸ்வரத்தின் சுருதி அதன் நீளத்துக்குக் கட்டுப்பட்டது. நினைத்தபடி ஏற்றி இறக்க முடியாது. வேறு சுருதியில் பக்கத்திலே கீபோர்டு ஒலித்தால் வித்துவான் என்ன செய்வார்? ஆகவே சாமி புறப்பாட்டின்போது ஒலிபெருக்கி ஓய்ந்திருக்கட்டும்.

ஐந்தாவது, நாக்கு. 'இப்போது பாடினார்களே, அவர்களைப் போல அல்ல, இனிமேல்தான் உண்மையான பாட்டு' என்று மைக்கில் சொல்லும் ஒரு வாக்கியம் போதும், ஊரை இரண்டாக்க. அதற்குப் பதிலாக முன்னே வாசித்தவர்களின் பெயரைச் சொல்லி நன்றி கூறுங்கள். உங்கள் முறை முடிந்தவுடன் ஆதரவாளர்களை அழைத்துக்கொண்டு வேனில் ஏறிவிடாதீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்து அடுத்த குழுவைக் கேளுங்கள். கைதட்டுவதற்கு வரி இல்லை.

இந்த நாகரிகம் வெளியிலிருந்து நாம் இரவல் வாங்க வேண்டியதும் அல்ல. கருநாடக இசைக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் என்று ஒரு பகுதி வரும். அப்போது முதன்மைப் பாடகர் பாட்டை நிறுத்திவிட்டுக் கையால் தாளம் போடுவார். மேடையில் மிகப் பெரியவர் அவர்தான். ஆயினும் மிருதங்கத்துக்கு அவர் காவலாக இருக்கிறார். மிருதங்கமும் கடமும் இருந்தால் இருவரும் மாறி மாறி வாசிப்பார்கள். முதலில் நீண்ட சுற்று. பிறகு சுற்றுகள் குறைந்துகொண்டே வரும். கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரே இடத்தில் வந்து முடிப்பார்கள். அங்கேயும் போட்டி உண்டு. ஆனால் அது தாளத்துக்குள் நடக்கும் போட்டி. அதனால்தான் கேட்பவருக்கு அது விருந்தாகிறது.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். சில இடங்களில் நாதஸ்வரக்காரருக்கு நாற்காலி, பாட்டுக் குழுவுக்குத் தேநீர், தப்படிப்பவருக்கு மட்டும் வாசல் ஓரம் என்று நடக்கிறது. பறையும் தப்பும் உறுமியும் நம் முன்னோர் கடல் கடந்து கொண்டுவந்த செல்வங்கள். அதை வாசிப்பவரை ஒதுக்கி வைத்துவிட்டு அம்மனுக்கு விழா எடுப்பதில் பொருளில்லை. இரு குழுவுக்கும் ஒரே பந்தி, ஒரே சாப்பாடு, ஒரே மரியாதை.

ஆலய நிர்வாகத்தினருக்கும் பொறுப்பு உண்டு. நேரத்தை வாய்வார்த்தையாக அல்லாமல் தாளில் எழுதி இரு குழுவுக்கும் ஒரே பிரதியைக் கொடுங்கள். பேசிய பணத்தைப் பேசியபடி அன்றிரவே கொடுங்கள். ஒரு குழுவிடம் 'நீங்கள்தாம் கடைசி, நீங்கள்தாம் முக்கியம்' என்றும், மற்றொன்றிடமும் அதையே சொல்லியும் அழைக்காதீர்கள். பல சண்டைகளின் விதை அங்கேதான் விழுகிறது. மேடைக்குக் கீழே கைக்கடிகாரத்தோடு ஒருவர் நிற்கட்டும். யார் பக்கமும் சாயாத, எல்லாரும் மதிக்கிற ஒருவராக அவர் இருந்தால் நல்லது.

தாய்மார்களே, தந்தைமார்களே! உங்கள் மகன் உறுமி பழகுகிறான், கித்தார் பழகுகிறான் என்றால் தடுக்காதீர்கள். மாலை நேரத்தில் கையில் கருவி இருக்கும் பிள்ளையின் கையில் வேறு வேண்டாத பொருள் ஏறுவதற்கு இடம் குறைவு. ஆனால் அவன் வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் 'எப்படிடா, அவர்களைத் தோற்கடித்தாயா?' என்று கேட்காதீர்கள். 'அவர்கள் எப்படி வாசித்தார்கள்? நீ என்ன கற்றுக்கொண்டாய்?' என்று கேளுங்கள். நீங்கள் கேட்கிற கேள்விக்கு ஏற்றபடிதான் பிள்ளை அடுத்த மேடைக்குப் போவான்.

இளைஞர்களே! அடுத்த திருவிழாவுக்கு நாள் குறித்தவுடன், உங்களோடு மேடையைப் பகிர்ந்துகொள்ளப் போகும் குழுவின் தலைவரைப் போய்ப் பாருங்கள். அவர் வயதில் மூத்தவரானால் 'அண்ணே' என்று அழைத்துப் பேசுங்கள். நேரம், சாமான், பாட்டு ஆகிய மூன்றையும் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடலாம். முடிந்தால் கடைசிப் பாட்டு ஒன்றை இரு குழுவும் சேர்ந்து பாடுங்கள். கோலாட்டச் சிறுமிகள் தூங்குவதற்குள் ஆடி முடிக்கட்டும். வரி கொடுத்த பாட்டி முழுக் கச்சேரியையும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகட்டும்.