பெருநாள் இரவும் தீபாவளிக் கடையும்

(தீபாவளிக்கு முன்பு தோட்ட மண்டபத்தில் குடும்பங்களுக்காக நிகழ்த்திய பேச்சு)



நான் கல்முனைப் பக்கத்து ஆள். உங்களுக்குத் தீபாவளி எப்படியோ எங்களுக்கு நோன்புப் பெருநாள் அப்படி. நோன்பின் கடைசிப் பத்து நாளும் கல்முனை பசாருக்குத் தூக்கம் கிடையாது. பகலில் வெயில், அதோடு நோன்பு. அதனால் சனம் இராத் தொழுகை முடிஞ்ச பிறகுதான் கடைக்கு இறங்கும். சாய்ந்தமருது, மருதமுனை, நற்பிட்டிமுனை, நிந்தவூர் என்று சுற்றுவட்டாரமெல்லாம் ஒரே பிரதான வீதிக்கு வந்து சேரும். மட்டக்களப்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் பஸ் ஓடுவதும் அதே வீதியில்தான். 2024ஆம் ஆண்டு பெருநாள் ஏப்ரல் 10ஆம் திகதி வந்தது. சித்திரைப் புதுவருடமும் அதே கிழமை. இரண்டு கொண்டாட்டத்துக்கும் ஒரே புடவைக்கடைகள்!

என் பத்து வயதில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெருநாளுக்கு முதல் இரவு. ஒரு கடையில் மலிவு விற்பனை. உள்ளே இடமில்லை என்று சட்டரைப் பாதிக்கு இறக்கி வைத்திருந்தார்கள். திடீரென்று அதைத் தூக்கினதும் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் ஒரு அடி முன்னுக்கு வந்தார்கள். ஒரே ஒரு அடிதான். என் கால் நிலத்தில் இல்லை. புதுச் செருப்பு ஒன்று கழன்று போச்சு. அதை எடுக்கக் குனியப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒருவர் என் சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, "குனியாத மகன்!" என்று கத்தினார். செருப்புப் போனதற்கு வீட்டில் உம்மாவிடம் ஏச்சு வாங்கினேன். அந்த மனிசன் என் உயிரைக் காப்பாற்றினார் என்பது எனக்கு விளங்கப் பல வருடம் எடுத்தது.

கூட்டத்தில் ஆள் சாகிறது மிதிபட்டு மட்டுமில்லை. நின்றபடியே மூச்சு முட்டிச் சாகிறவர்கள்தான் அதிகம். மூன்றடிக்கு மூன்றடி இடத்தில் ஐந்து பேருக்கு மேல் நெருங்கினால் யாரும் தன் இஷ்டத்துக்கு நடக்க முடியாது. கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கும். நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுபோகும். முன்னால் ஒருவர் விழுந்தது பின்னால் நிற்பவருக்குத் தெரியாது. அவரும் கெட்டவர் இல்லை, பிள்ளைக்குச் சட்டை வாங்க வந்தவர்தான். இதை நன்றாக மனதில் வையுங்கள். "ஒழுங்கில்லாத சனம்" என்று திட்டிவிட்டுப் போவது லேசு. ஆனால் அங்கே பிழை வாசலில் இருக்கிறது.

2020 மே 21ஆம் திகதி, பெருநாளுக்கு மூன்று நாள் இருக்க, கொழும்பு மாளிகாவத்தையில் ஒருவர் ஏழைகளுக்குக் காசு கொடுத்தார். கொரோனா ஊரடங்கில் வேலையில்லாமல் இருந்த காலம். நெரிசலில் மூன்று பெண்கள் செத்துப்போனார்கள். 2023 பிப்ரவரி 4ஆம் திகதி, தைப்பூசத்துக்கு முதல் நாள், தமிழ்நாட்டு வாணியம்பாடியில் இலவச வேட்டி சேலைக்கு டோக்கன் கொடுத்த இடத்தில் நான்கு பெண்கள் மாண்டார்கள். ஏழை நாட்டு வழக்கம் என்று நினைக்காதீர்கள். 2008இல் அமெரிக்காவில், நியூயோர்க் பக்கத்தில், நவம்பர் மாத மலிவு விற்பனைக்கு விடியற்காலையில் சுமார் 2,000 பேர் ஒரு பெரிய கடைக்கு முன்னால் நின்றார்கள். கதவு உடைந்தது. செத்தது வாங்க வந்தவர் இல்லை, கடையில் வேலை செய்தவர்.

மூன்று இடத்திலும் ஒரே கதைதான். வாசல் ஒன்று, நேரம் ஒன்று, முந்தினால்தான் கிடைக்கும் என்ற பயம்.

இப்போது உங்கள் விசயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஹட்டன் டவுனுக்கோ தலவாக்கலைக்கோ தீபாவளிக்கு இறங்கும்போது கைக்குழந்தையை வீட்டில் பாட்டியிடம் விட்டுப் போங்கள். கூட்டிப்போகும் பிள்ளையின் சட்டைப் பையில் வீட்டு போன் நம்பர் எழுதின துண்டு இருக்கட்டும். நெருக்கம் கூடினால் சின்னதைக் கையில் பிடித்து இழுக்காமல் தூக்கிக்கொள்ளுங்கள். எதிர்த்துத் தள்ளாதீர்கள். இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் மடித்து, கூட்டம் போகும் பக்கமே போய், கொஞ்சம் கொஞ்சமாய்ச் சரிந்து ஓரத்துக்கு வாருங்கள். காசு விழுந்தாலும் குனியக் கூடாது. காசைவிட முதுகெலும்பு பெரிசு.

"நேரத்தோடு போ" என்று நான் லேசாகச் சொல்லிவிடலாம். காசு இல்லாமல் எப்படிப் போகிறது? முற்பணம் கடைசிக் கிழமையில் கைக்கு வந்தால் லயத்துச் சனம் எல்லாரும் அதே ஞாயிற்றுக்கிழமைதான் டவுனில் நிற்பார்கள். எங்கள் பக்கத்திலும் வேளாண்மைக் காசும் வெளிநாட்டுக் காசும் பிந்தி வந்தால் கடைசி இரவில் பசார் பிதுங்கும். ஆகவே முற்பணத்தை இரண்டு கிழமைக்கு முந்தியே, அதுவும் டிவிசனுக்கு ஒரு நாளாகத் தரும்படி துரையிடம் கேட்கலாம். தோட்டத்துக்கு ஒரு சதம் கூடுதல் செலவில்லை. மாதர் சங்கத் தலைவி முன்வரிசையில்தான் இருக்கிறார். கூட்டம் முடிந்ததும் கடிதத்தை இங்கேயே எழுதுவோம், பேனா என்னிடம் இருக்கிறது.