இரு மந்திரிகளும் நடுக் காலாட்களும்

சதுரங்கப் பலகையிலே குறுக்குக் கோட்டில் ஓடுங் காயை நம்மவர் மந்திரி என்பர். ஆங்கிலேயர் பிஷப் என்பர். இரசியருக்கோ அது யானை. பெயர் எதுவாயினும் இயல்பு ஒன்றே. வெள்ளைக் கட்டத்திற் புறப்பட்ட மந்திரி ஆட்டம் முடியும்வரை கறுப்புக் கட்டத்தை மிதியாது. ஆகவே ஒரு மந்திரி பாதிப் பலகைக்கே காவலாளி. இரண்டும் உயிரோடிருந்தால் முழுப் பலகையும் அவற்றின் ஆட்சிக்குட்படும். மந்திரியோ குதிரையோ தனியே ஏறக்குறைய மூன்று காலாட்களுக்கு ஈடு என்பது பழைய கணக்கு. சோடியாக நிற்கும் மந்திரிகளுக்கு அதற்குமேலும் அரைக் காலாள் அளவு பெறுமதி உண்டென அமெரிக்கரான லாறி கோஃப்மன் 1999இல் பெருந்தொகையான ஆட்டங்களை ஆராய்ந்து எழுதினார்.

ஆனால் அந்த அரைக் காலாள் பெட்டியிற் பூட்டிய பணம் போன்றது. திறவுகோல் நடுப்பலகையிலுள்ள காலாட்களிடம் இருக்கின்றது. அவை ஒன்றோடொன்று முட்டி அசையாது நின்றால் மந்திரிகளுக்கு வழியில்லை. வேலி தாண்டும் குதிரையே அங்கு மேலானது. வழி திறந்துவிட்டாலோ, நடுவில் நிற்கும் மந்திரி 13 கட்டங்களைப் பார்க்கும். குதிரை எங்கு நின்றாலும் எட்டுக்கு மேற் பாராது. பலகையின் ஓரத்தில் நின்றால் நான்குதான்.

1951ஆம் ஆண்டு மொஸ்கோ நகரில் உலக வீரர் பட்டத்துக்கு நடந்த போட்டியில் இவ்வுண்மை பரீட்சிக்கப்பட்டது. பட்டத்தை வைத்திருந்தவர் மிகயில் பொட்வின்னிக். மின்பொறியியலாளரான அவர் 1948இல் பட்டம் வென்றபின் மூன்றாண்டு காலம் போட்டியாட்டமே ஆடவில்லை. எதிரே இருந்த டேவிட் புரொன்ஸ்டீனுக்கு வயது 27. இருபத்திரண்டு ஆட்டங்கள் முடிந்தபோது இளையவர் ஒரு புள்ளி முன்னின்றார். மிஞ்சியவை இரண்டே ஆட்டங்கள். ஒன்றையேனும் வெல்லாவிட்டால் பொட்வின்னிக்கின் பட்டம் போய்விடும்.

இருபத்துமூன்றாம் ஆட்டத்தில் பொட்வின்னிக்குக்கு வெள்ளைக் காய்கள். ஏழாவது நகர்த்தலிலேயே புரொன்ஸ்டீன் தம் மந்திரியைக் கொடுத்துக் குதிரையை வாங்கினார். நடு மூடிக் கிடந்தமையால் அதனைத் தவறெனச் சொல்லற்கில்லை. முப்பத்தைந்தாம் நகர்த்தலில் மற்ற மந்திரியையும் கொடுத்து இன்னொரு குதிரையை வெட்டினார். அடுத்த நகர்த்தலில் ஒரு காலாளும் அவர் கைக்கு வந்தது. எண்ணிப் பார்த்தால் அவரே முன்னணியில் நின்றார். ஆனால் அவரிடம் எஞ்சிய இரு குதிரைகளும் பலகையின் ஒரே ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தன.

முப்பத்தொன்பதாம் நகர்த்தலில் பொட்வின்னிக் அரசனுக்குரிய காலாளை ஒரு கட்டம் முன்னே தள்ளினார். பார்வைக்குச் சிறிய காரியந்தான். பெட்டி திறந்தது அப்பொழுதே. ஆட்டம் இடையில் நிறுத்தப்பட்டபோது அவர் உறையிலிட்டு முத்திரையிட்ட நகர்த்தல் மிகச் சிறந்ததன்று என ஆய்வாளர் பின்னர் எழுதினர். எனினும் திறந்த வழி திறந்தே இருந்தது. நாற்பத்தேழாம் நகர்த்தலில் நடுக் காலாட்கள் வெட்டுண்டன. கறுப்பின் நடுக் காலாள் வெள்ளைக் கட்டமொன்றில் துணையின்றி நின்றது. வெள்ளைக் கட்ட மந்திரிக்கு அதைவிட வாய்ப்பான இலக்கு வேறேது?

ஐம்பத்தேழாம் நகர்த்தலுக்குப் பின்னிருந்த நிலையைப் பலகையை அருகில் வைத்திருக்கும் நேயர்கள் அமைத்துப் பார்க்கலாம். ஒரு குதிரை நடுக் காலாளைக் காத்தது. அக்குதிரையை மற்றக் குதிரை காத்தது. ஓரத்துக் காலாளை அரசனே காத்தான். எது அசைந்தாலும் ஒன்று விழும். அசையாதிருக்கவோ விதியில் இடமில்லை. காலாள் ஒன்று கூடுதலாக வைத்திருந்தும் புரொன்ஸ்டீன் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இறுதி ஆட்டம் சமநிலையில் முடிந்தது. புள்ளிகள் 12க்கு 12. சமநிலையாயின் பட்டம் பழையவருக்கே என்பது அன்றைய விதி. புரொன்ஸ்டீன் 2006ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். பட்டப் போட்டியில் ஆடும் வாய்ப்பு அவருக்கு மறுமுறை கிட்டவில்லை.