முதுமையும் மனமும்



‘எனக்கு வயதாகிவிட்டது; இனி என்னால் என்ன ஆகும்?’ என்னும் சொல் எழாத தமிழ் இல்லம் இத்தலைநகரில் அரிது. அதனைப் பணிவுரை என்றெண்ணி நாமும் வாளா இருந்துவிடுகின்றோம். ஆயின், அவ்வெண்ணம் வேரூன்றிவிட்டால் மனிதரை மெல்ல மெல்லச் செயலற்றவராக்கிவிடும் என்கின்றது இன்றைய உளவியல்.

2002-ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பெக்கா லெவியும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன 660 பேரைப் பற்றியது அது. தம் முதுமையை நல்லெண்ணத்தோடு நோக்கியோர், கசப்போடு நோக்கியோரினும் ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர் என்று அவர்கள் கண்டனர். எண்ணம் ஒன்றே ஆயுளைக் கூட்டிற்று என்று இதனால் முடிவு கட்டலாகாது. எனினும், எண்ணத்தைப் புறக்கணிக்கவும் இயலாது.

இவ்வெண்ணத்தை மாற்றுதல் கூடுமா? கூடும். 1960-களில் ஆரன் பெக் என்னும் அறிஞர் வகுத்த சிகிச்சை முறை இதற்கு உதவுகின்றது. இதன் கருவி மருந்தன்று, உரையாடலே. ‘உமது எண்ணம் தவறு’ என்று மருத்துவர் வாதிடுவதில்லை. ‘அதற்குச் சான்று யாது?’ என்று வினவுகின்றார். ‘மெட்ரோ ரயிலில் தனியே செல்ல என்னால் ஆகாது’ என்று ஒரு முதியவர் கருதுவதாகக் கொள்வோம். முதலில் துணையோடு ஒரு நிலையம்; பின்னர்த் துணையின்றி ஒரு நிலையம். ஏட்டின் ஒரு பக்கத்தில் ‘நான் அஞ்சியது’, மறுபக்கத்தில் ‘நடந்தது’ என்று அவரே எழுதி வருவார். சில வாரங்களில் அவ்வேடே அவருக்குச் சான்றாகிவிடும். முழங்கால் வலி மெய்யானதே. அதனை மறுப்பது சிகிச்சையன்று. வலியினின்றும் ‘நான் பயனற்றவன்’ என்னும் முடிவைப் பிரித்துக் காட்டுவதே சிகிச்சை.

முதியோர் பழங்கதை பேசுவதை நாம் சலிப்போடு கேட்கின்றோம். ராபர்ட் பட்லர் என்னும் மனநல மருத்துவர், கடந்த வாழ்வைத் திரும்பி நோக்குதல் முதுமைக்கு இயல்பானது, பயனுள்ளது என்று 1963-இல் எழுதினார். இன்று அதுவும் ஒரு சிகிச்சை முறையாக வளர்ந்துள்ளது.

இங்கேதான் நம் சங்கத்தின் கடமை தொடங்குகின்றது. இச்சிகிச்சைக்கு மொழியே உயிர். ஊரில் நூறு பேரோடு பேசிப் பழகிய பெற்றோரை இங்கு அழைத்து வந்து நான்கு சுவர்களுக்குள் அமர்த்துகின்றோம். கடைவீதியிலும் மருத்துவமனையிலும் இந்தி அறியாமையால் அவர்கள் வாய் அடைத்து நிற்கின்றனர். அதனையும் ‘வயதின் குறை’ என்றே எண்ணிக்கொள்கின்றனர். குறை வயதிலன்று, பேச ஆளின்மையிலே!

ஆகவே, இரண்டு வேண்டுகோள்கள். தமிழ் அறிந்த மனநல மருத்துவர், உளவியலாளர் பட்டியல் ஒன்றைச் சங்கம் திரட்டி வைக்கவேண்டும். அடுத்து, சிறுவர்க்குத் தமிழ் கற்பிக்கும் பணியை முதியோரிடம் ஒப்படைக்கவேண்டும். பொன்னாடை ஒரு மாலைப் பொழுதின் சிறப்பு. பொறுப்போ ஆண்டு முழுவதும் நிற்கும் மதிப்பு.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, மறதி, ‘இருந்து என்ன பயன்’ என்னும் பேச்சு ஆகியவற்றை முதுமை என்று தள்ளிவிடாதீர்கள். உடல்நோயோ மனச்சோர்வோ காரணமாகலாம். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநலத் தொலைபேசி உதவி, 14416 என்னும் எண்ணில் பல இந்திய மொழிகளில் கிடைக்கின்றது.

முதுமை வருவதைத் தடுக்க நம்மால் ஆகாது. முதியோர் தம்மைத் தாமே தள்ளி வைத்துக்கொள்வதைத் தடுக்க நம்மால் ஆகும். அப்பணியை இவ்வாண்டே தொடங்குவோமாக!