ஆயுத பூஜையா? கருவி செய்யும் அறிவா?

(கும்மிடிப்பூண்டியில் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியது)



ஆயுத பூஜை வருகிற இந்தச் சமயத்தில், பட்டறைத் தோழர்களாகிய உங்களிடையே இரண்டொரு வார்த்தை பேசும்படி நம்மை அழைத்திருக்கிறீர்கள். நாம் பெரிய படிப்புப் படித்தவர்களல்ல. அரத்தைப் பிடித்துக்கொண்டே எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள். ஆதலால் நாம் சொல்லுவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். உங்கள் அறிவைக் கொண்டு சோதித்து, சரியென்று பட்டால் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

வருஷத்திற்கொரு நாள் மிஷினுக்குப் பொட்டு வைத்து, நடுத்தெருவில் பூசணிக்காய் உடைக்கிறோம். மறுநாளே இரும்புத் தகட்டை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு துளை போடுகிறோம். துளை அடிப்பக்கம் வெளிப்படுகிற நேரத்தில் டிரில் தகட்டைக் கவ்விச் சுழற்றிவிடுகிறது, விரல் போகிறது. இதற்கு நம் இடது கையே சாட்சி. நம் விரலைத் தின்ற மிஷினுக்கு முந்தின வாரந்தான் சந்தனமும் குங்குமமும் சாத்தியிருந்தோம்! முதலாளி "உன் தலையெழுத்து" என்றார். உண்மையில் இல்லாமற்போனது தலையெழுத்தல்ல, ஒரு கிளாம்ப்!

அந்தக் கிளாம்ப் என்ன, தேவலோகத்துச் சரக்கா? ஒரே அளவுள்ள இரண்டு சதுர இரும்புத் துண்டுகளும் இரண்டு திருகாணிகளும் போதும். நடு ஆணி, ஒரு துண்டில் தாராளமாக நுழைந்து மற்றதில் மரை ஏறி, இரண்டையும் இழுக்கும். பின் ஆணி எதிர்ப்பக்கத்திலிருந்து மரை ஏறி, முதல் துண்டிலுள்ள சிறு குழியில் ஊன்றி, பின்புறத்தைத் தள்ளும். பின்னே விரிய விரிய முன்வாய் இறுகும். இரண்டு துண்டுகளும் இணையாக நிற்கும்படி பார்த்துக்கொண்டால் பிடி நழுவாது. வைசும் அரமும் டேப்பும் உள்ளவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். துளை போடும்போது துண்டை வைசு பிடிக்கட்டும். முதல் கிளாம்பைச் செய்துவிட்டால், அடுத்ததைச் செய்ய அதுவே கைகொடுக்கும்.

"அப்படியானால் முதல் கருவியைக் கொடுத்தது யார்? விசுவகர்மா அல்லவா?" என்று கேட்பார்கள். இதே திருவள்ளூர் ஜில்லாவில், கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கம் இருக்கிறது. அங்கே 1863இல் ராபர்ட் புரூஸ் பூட் என்ற பூகர்ப்ப ஆராய்ச்சிக்காரர் கற்கோடாரிகளைக் கண்டெடுத்தார். அங்கு கிடைத்த மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வருஷ வயது என்று 2011இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. அன்று வேதமேது? கோவிலேது? ஜாதியேது? கல்லைக் கல்லால் தட்டி, கை தவறிக் கற்று, மறுபடி தட்டிச் செய்தார்கள். அவ்வளவுதான்!

"கோணலான கருவியிலிருந்து நேரான கருவி எப்படி வரும்?" என்றும் கேட்கலாம். இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்னும் பொறியாளர் 1840இல் சமதளம் செய்யும் விதத்தை விளக்கினார். இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால், ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் இருந்தே பொருந்திவிடும். மூன்றாவது தகட்டை வைத்து மாற்றி மாற்றி ஒப்பிட்டுச் சுரண்டினால் மோசடி வெளிப்பட்டு, மூன்றும் சமமாகும். புரோகிதனுக்குச் சாஸ்திரம் சாட்சி, சாஸ்திரத்திற்குப் புரோகிதன் சாட்சி என்பதும் இரண்டு தகட்டுப் பொருத்தமே. பகுத்தறிவென்னும் மூன்றாவது தகட்டை வைத்துப் பாருங்கள் என்கிறோம். அதனாலேயே நம்மீது கோபம்!

கருவி செய்கிறவனுக்குக் கீழ்ஜாதிப் பட்டம். அதைத் தொட்டறியாதவனுக்குத் தட்சணை. இந்த அநியாயத்திற்குத்தானே வருஷாவருஷம் கற்பூரம் காட்டுகிறோம்?

நாமே கிளாம்ப் செய்வதால் முதலாளியின் பொறுப்புத் தீர்ந்துவிடாது. மிஷினுக்குக் காப்பும், பிடிப்பதற்குச் சாதனமும் கொடுக்கவேண்டியது அவர் கடமை. அதைச் சங்கமாய்ச் சேர்ந்து கேளுங்கள். அது வரும்வரை விரல் காத்திருக்காதாகையால், இவ்வருஷம் பூசணிக்காய்க் காசுக்கு இரண்டு இரும்புத் துண்டு வாங்குங்கள். பூஜை நாளில் மிஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஒரு கிளாம்ப் செய்து, பக்கத்து மிஷினில் நிற்கும் பையனுக்குக் கொடுங்கள். அவனுடைய பத்து விரலும் பத்தாகவே இருக்குமானால், அதைவிடப் பெரிய பண்டிகை நமக்கு வேண்டியதில்லை.