கிராபைட்டும் கனரகத் தொழில்களும்
(வெள்ளி விழாக் கல்வியரங்கில் ஆற்றப்பெற்ற உரை)



இந்த அரங்கில் அறிவியல் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். மாணவர் கையில் நாள்தோறும் தவழும் பொருள் ஒன்றையே எடுத்துக்கொண்டோம். பென்சிலின் நடுவேயுள்ள கரிய குச்சிதான் அது. கிராபைட்டைக் களிமண்ணோடு கலந்து சுட்டு அதைச் செய்கின்றனர். முற்காலத்தார் கிராபைட்டை ஈயத்தின் ஒரு வகை என்றே எண்ணியிருந்தனர். அது கார்பனே என்று 1779ஆம் ஆண்டில் ஷீலே என்னும் வேதியியலறிஞர் மெய்ப்பித்தார். பத்தாண்டுகள் கழித்து வெர்னர் என்னும் செர்மானியர், எழுதுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் அதற்குப் பெயர் அமைத்தார். எழுதப் பயன்படும் இப்பொருளே எஃகை உருக்குகிறது; ஏவூர்தியையும் செலுத்தத் துணைபுரிகிறது. அது எவ்வாறு என்பதை ஆராய்வோம்.

வைரமும் கார்பனே, கிராபைட்டும் கார்பனே. வேறுபாடு அணுக்கள் அமைந்த முறையில் உள்ளது. கிராபைட்டில் ஒவ்வோர் அணுவும் அண்டையிலுள்ள மூன்று அணுக்களோடு இறுகப் பிணைந்து, தேனடை போன்ற அறுகோணத் தகடுகளாக விரிகிறது. தகட்டினுள் பிணைப்பு மிக வலிது. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே பிணைப்பு மிக மெலிது. தகடுகள் வழுக்குவதால் அது தாளில் எழுதுகிறது. எந்திர உறுப்புகளின் உராய்வையும் குறைக்கிறது. தகட்டில் எலெக்ட்ரான்கள் தடையின்றி உலவுவதால் மின்சாரத்தைக் கடத்துகிறது. அணுக்களின் பிணைப்பு வலிதாதலால் எளிதில் அழிவதில்லை. இரும்பு 1538 பாகை செல்சியசில் உருகிவிடும். கிராபைட்டோ சாதாரண அழுத்தத்தில் உருகுவதே இல்லை. 3600 பாகையளவில் நேரே ஆவியாகிறது. பெரும்பாலான பொருள்கள் சூடேறச் சூடேற வலுவிழக்கும். கிராபைட் ஏறக்குறைய 2500 பாகை வரை வலுப்பெறுகிறது. எனினும் அதற்கு ஒரு பகையுண்டு. காற்றுப்பட்டால் 500 பாகையளவிலேயே மெல்ல எரியத் தொடங்கும். இதை நினைவில் இருத்துங்கள்.

முதற்கண் எஃகுத் தொழிலைப் பார்ப்போம். பழைய இரும்பை உருக்கிப் புதிய எஃகு வார்ப்பது மின்வில் உலை. அதன் மூடியின் வழியாகத் தூண் போன்ற மின்முனைகள் உள்ளே இறங்கும். பல்லாயிரம் ஆம்பியர் மின்சாரம் அவற்றின் வழியே பாய்ந்து, முனைக்கும் இரும்புக்கும் இடையே வில்லாக எரியும். அவ்வில்லின் வெப்பம் 3000 பாகைக்கும் மேற்பட்டது. செம்பு நல்ல மின்கடத்தியாயினும் 1085 பாகையில் உருகிவிடும். ஆகவே அவ்விடத்தில் கிராபைட்டைத் தவிர வேறு எதுவும் நிற்காது. எரிந்து எரிந்து அடிமுனை தேயும்போது, மேல்முனையில் மற்றொரு துண்டைத் திருகிப் பொருத்துகின்றனர்; உலை தொடர்ந்து இயங்குகிறது.

இம்மின்முனைகளைச் சுரங்கக் கிராபைட்டால் செய்வதில்லை. பெட்ரோலியக் கற்கரியைத் தார்க்கீலோடு பிசைந்து, அச்சில் அழுத்தி, சுட்டு, இறுதியில் 3000 பாகையளவுக்கு மின்சாரத்தால் சூடேற்றிச் செயற்கைக் கிராபைட் ஆக்குகின்றனர். ஒரு மின்முனை உருவாகச் சில மாதங்கள் செல்லும். இவ்வழிக்கு வித்திட்டவர் அமெரிக்கரான அச்சிசன். கார்போரண்டத்தை மிகையாகச் சூடேற்றியபோது சிலிக்கான் ஆவியாகி நீங்கிக் கிராபைட் எஞ்சக் கண்ட அவர், 1896இல் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்து மண்டிதீப்பில் இத்தகைய பெரிய ஆலை ஒன்று இயங்குகிறது.

இனி விண்ணூர்திகளுக்கு வருவோம். 1942 அக்டோபர் 3ஆம் நாள் செர்மனியின் வி-2 ஏவூர்தி முதன்முறையாக வெற்றியுடன் பறந்தது. வெளியேறும் தீப்பிழம்பின் நடுவே கிராபைட்டாலான நான்கு துடுப்புகள் அமைந்திருந்தன. அவை திரும்பியே ஏவூர்தியின் திசையைக் காத்தன. இப்பொறியியல் திறனைப் பேசுவோர் மற்றொன்றையும் பேசவேண்டும். அந்த ஏவூர்திகளைச் சுரங்கத் தொழிற்சாலையில் செய்தவர்கள் வதைமுகாம் கைதிகள். அவர்களுள் பல்லாயிரவர் பசியாலும் அடியாலும் மாண்டனர். கருவியின் வரலாற்றை எழுதுவோர் அதைச் செய்த கைகளின் வரலாற்றையும் எழுதுதல் கடமை.

திட எரிபொருள் ஏவூர்திகளில் எரிவளி வெளியேறும் குழலின் கழுத்துப்பகுதி மிக இடுக்கமானது. 3000 பாகையளவில் வளி அதனூடே சீறிப்பாயும். கழுத்து அரிக்கப்பட்டு அகன்றால் உள்ளழுத்தம் குறையும், உந்துவிசையும் தாழும். எனவே அடர்ந்த கிராபைட்டையோ கார்பன் இழையாலான கூட்டுப்பொருளையோ அங்குப் பொருத்துகின்றனர். கார்பன் இழை என்பது கிராபைட்டின் தகடுகளை ஒரே திசையில் நீளவாக்கில் அடுக்கியதைப் போன்றது. அதைப் பிசினில் பதித்தால், எஃகை விடப் பன்மடங்கு இலேசான, வலிய பொருள் கிடைக்கிறது. போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி இத்தகைய கூட்டுப்பொருள்களே. இழையைப் பிசினுக்குப் பதிலாகக் கார்பனிலேயே பதித்தால் கார்பன்-கார்பன் ஆகிறது. பி.எஸ்.எல்.வி. ஏவூர்தியின் நான்காம் கட்டத்திற்கு அப்பொருளாலான குழலை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கி, 2024ஆம் ஆண்டில் நம் திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரியில் எரித்துச் சோதித்தது. முன்னைய உலோகக் குழலை விட இது மிகவும் இலேசானது. ஆதலால் ஏவூர்தி 15 கிலோ கூடுதலாகச் சுமக்க முடியும் என அந்நிறுவனம் அறிவித்தது.

கொலம்பியா விண்ணோடத்தின் சிறகு விளிம்புகளும் கார்பன்-கார்பனே. காற்றுப்பட்டு எரியாவண்ணம் அதன்மீது சிலிக்கான் கார்பைடு பூச்சு இடப்பட்டிருந்தது. 2003 சனவரி 16இல் ஓடம் புறப்பட்டபோது, எரிபொருள் தொட்டியின் நுரைத்துண்டு ஒன்று பிரிந்து இடச்சிறகைத் தாக்கியது. சிறகைப் படமெடுத்துப் பார்க்கவேண்டும் எனப் பொறியாளர் சிலர் வேண்டினர். மேலாளர்கள் அதை நிறைவேற்றவில்லை. பிப்ரவரி 1இல் ஓடம் திரும்புகையில் உடைப்பின் வழியே அனல் புகுந்து சிறகை உருக்கியது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் உயிரிழந்தனர். பின்னர் அதே வகைப் பலகைமீது நுரைத்துண்டை ஏவிப் பார்த்தபோது ஏறக்குறைய 40 செண்டிமீட்டர் அகலத் துளை விழுந்தது. கடும் வெப்பம் தாங்கிய பொருள், ஓர் அடியைத் தாங்கவில்லை. அதனினும் பெரிய பாடம் ஒன்றுண்டு. கீழ்நிலையில் இருப்போர் எழுப்பும் ஐயத்திற்குச் செவிகொடாத இடத்தில் எந்த உயர்ந்த பொருளும் காப்பாகாது.

இயற்கைக் கிராபைட் நமக்கு அயலானதன்று. இலங்கையின் போகலைச் சுரங்கத்துக் கிராபைட் தூய்மைக்குப் பெயர்பெற்றது. சிவகங்கை மாவட்டத்தில் தமிழ்நாடு கனிம நிறுவனம் செதிற்கிராபைட்டை வெட்டியெடுத்து அங்கேயே தூய்மை செய்கிறது. கல்லை அரைத்து நீரில் கலந்து காற்றைச் செலுத்தினால், நீரில் நனையாத கிராபைட் நுரையோடு மிதந்து வரும்; மண்ணும் கல்லும் அடியில் தங்கும். அவ்வாறு பெற்றது உலோகம் உருக்கும் மூசைக்கும், உலைச்செங்கலுக்கும், மின்கலத்திற்கும் செல்கிறது. 2023 திசம்பர் முதல் சீனா தன் கிராபைட் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது முதல் இதன் அருமை மேலும் புலனாகியுள்ளது. ஆனால் கல்லை உடைப்போர் நெஞ்சில் தூசு தங்கினால் நுரையீரல் கெடும். நீர் தெளித்தலும், காற்றோட்டமும், முகமூடியும், மருத்துவச் சோதனையும் தொழிலாளிக்குரிய உரிமைகள். யாரோ காட்டும் சலுகைகள் அல்ல.

மாணவச் செல்வங்களே! கனிமத்தைச் சுமந்த தோள்கள் நம்மிடம் என்றும் உண்டு. அதன் அணுவமைப்பை அளக்கும் கண்களும், ஆலையை நடத்தும் அறிவும், தவறு கண்டவிடத்துத் தயங்காது எழுதும் கையும் இனி நம்மிடமிருந்து வரவேண்டும். உலோகவியல், பொருளறிவியல், சுரங்கப் பொறியியல் ஆகிய துறைகளில் நம் பிள்ளைகள் சேரட்டும். அவற்றுக்கான வாயில்களைச் சங்கம் எடுத்துரைக்கட்டும். பென்சிலைப் பிடித்த கை அங்குச் செல்வதற்குத் தடையேதும் இருத்தலாகாது.